உதவித்தொகை கோரும் மேல்மனு

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கல்லூரி அளிக்கும் உதவித்தொகை போதாதென்று மேல்மனு எழுதுவதைக் கௌரவக் குறைவாகக் கருதும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2025-26 கல்வியாண்டின் ஃபாஃப்சா (FAFSA) எனும் அமெரிக்க மத்திய அரசின் மாணவர் நிதியுதவி விண்ணப்பம் 2023ஆம் ஆண்டு வருமானத்தையே ஆதாரமாகக் கொள்வதால், அதன்பின் உத்தியோகம் இழந்தவரும் வைத்தியச் செலவில் மூழ்கியவரும் காகிதத்தில் மட்டும் தனவந்தராகவே காட்சியளிக்கின்றனர். இந்த விசித்திரச் செல்வத்தைக் கொண்டு எவரும் அரிசி வாங்கியதில்லை. இத்தகைய விசேஷ சந்தர்ப்பங்களில் கணக்கைத் திருத்தும் அதிகாரத்தைக் கல்லூரியின் உதவித்தொகை அதிகாரிக்குச் சட்டமே வழங்கியிருப்பதோடு, மனுக்கள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாக நிராகரிக்கும் கொள்கையையும் தடுத்திருக்கிறது. ஆகவே, பிள்ளையின் பிரதாபங்களைப் பக்கம் பக்கமாக வர்ணிக்காமல், நேர்ந்த மாற்றம், தேதி, குறைந்த வருமானம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் விநயமாக எழுதி, வேலைநீக்கக் கடிதத்தையோ மருத்துவமனை ரசீதையோ இணைத்து, தாமதமின்றி அனுப்புங்கள்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், நியூஜெர்சி