ஒலிபெருக்கியும் அறையும்

நல்லிசையை வீட்டிலிருந்தே கேட்கவேண்டும் என்னும் ஆவல் நம்மவர்க்கு என்றும் உண்டு. ஊரைவிட்டுத் தொலைவில் வாழ்வோர்க்கு அவ்வாவல் சற்று மிகுதி; மார்கழிக் கச்சேரிகளுக்கென ஆண்டுதோறும் சென்னை சென்று வருதல் எல்லோர்க்கும் இயல்வதன்று. பிள்ளைகள் வேலையை நாடி வேற்றூர் சென்றபின் வீட்டில் ஓர் அறை ஒழிகிறது. அதனை இசைக்கென ஒதுக்கி, உயர்ந்த ஒலிபெருக்கிகள் இரண்டினை அமைத்துக்கொள்ளலாமே என்று அன்பர் சிலர் எண்ணுகின்றனர். இவற்றின் விலையோ சில லட்சங்களை எளிதில் தொட்டுவிடும். ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுக்கும் பணமாயின், அது வீணாகலாகாதே என்னும் கவலை எழுவது இயல்பே. ஆதலின் இம்மாதம் அதனைப்பற்றிச் சிறிது ஆராய்வோம்.

“எது சிறந்த ஒலிபெருக்கி?” என்றே பலரும் வினவுகின்றனர். “எந்த அறைக்கு?” என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. உலகப் புகழ்பெற்ற மூன்றினை ஒப்புநோக்கினால் இதன் காரணம் விளங்கும்.

முதலாவது, அமெரிக்கரான பால் கிளிப்ஷ் 1946இல் வெளிக்கொணர்ந்த ‘கிளிப்ஷ்ஹார்ன்’. நான்கடிக்கு மேல் உயரமுள்ள இப்பெட்டிக்குள் மடித்தமைத்த ஊதுகொம்பு ஒன்று உண்டு. அறையின் மூலையில் கூடும் இரு சுவர்களே அக்கொம்பின் தொடர்ச்சியாக நின்று கீழ்ச்சுருதி ஒலிகளை வளர்க்கின்றன. ஆகவே மறைப்பற்ற இரு மூலைகள் இதற்கு வேண்டும். நம் அடுக்குமாடி வீடுகளிலோ ஒரு மூலையில் கதவும் மறுமூலையில் அலமாரியும் இருப்பதே வழக்கம்.

இரண்டாவது, இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் வகுத்து 1957இல் விற்பனைக்கு வந்த ‘குவாட்’ நிலைமின் ஒலிபெருக்கி. இதில் பெட்டியே இல்லை. உயர்மின்னழுத்தத்தில் நிற்கும் மெல்லிய படலம் ஒன்று அதிர்ந்து ஒலியெழுப்புகிறது. மனிதக் குரலின் தெளிவுக்கு இது பெயர்பெற்றது. எனினும் முன்புறம் போன்றே பின்புறமும் ஒலியை வீசுவதால், சுவரைவிட்டுச் சில அடிகள் முன்தள்ளி வைத்தல் வேண்டும். பேரொலியையும் இது தாங்காது.

மூன்றாவது, பி.பி.சி. பொறியாளர்கள் 1970களின் தொடக்கத்தில், வெளியிட ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான இடத்திற்கென உருவாக்கிய ‘எல்.எஸ்.3/5ஏ’. உயரம் ஓரடியே. குரலை இயல்பாகத் தரும். ஆயினும் மிகத் தாழ்ந்த ஒலிகளை இச்சிறு பெட்டியிடம் எதிர்பார்த்தல் கூடாது. கிளிப்ஷ்ஹார்ன் எழுப்பும் அதே அளவு ஒலியை இது எழுப்ப, நூறு மடங்குக்கும் மேலான மின்திறன் தேவைப்படும். எனினும் அருகமர்ந்து கேட்கும் சிற்றறைக்கு இதுவே மிகப் பொருந்தும்.

இம்மூன்றில் எதனையும் தாழ்ந்தது எனல் முறையன்று. ஒவ்வொன்றும் தனக்குரிய அறையை நாடுகிறது.

அறையின் ஆற்றல் எத்தகையதென்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,125 அடி செல்கிறது. 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள அறையில், நீளத்தினால் 47 ஹெர்ட்ஸ் அளவிலும், அகலத்தினால் 56 ஹெர்ட்ஸ் அளவிலும், இவற்றின் மடங்குகளிலும் ஒலி சுவர்களுக்கிடையே நிலைத்து நிற்கும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி ஓரிடத்தில் முழங்குவதும், இரண்டடி நகர்ந்தால் மெலிந்துபோவதும் இதனாலேயே. நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமாயின் இத்தொல்லை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும்.

திரைச்சீலை, கம்பளம், மெத்தை ஆகியவை எதிரொலியை அடக்கும். 1895ஆம் ஆண்டளவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சாபின் என்னும் பேராசிரியர், நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சொற்பொழிவுக் கூடமொன்றில் பரப்பி, ஒலி தேய்ந்தடங்கும் நேரத்தை அளந்தே இவ்வியலுக்கு அடிகோலினார். ஆனால் மெல்லிய துணிகள் மேற்சுருதி ஒலிகளையே பெரிதும் உறிஞ்சும். தாழ்ந்த ஒலிகளின் முழக்கத்திற்கு, ஒலிபெருக்கியையும் நாற்காலியையும் இடம்மாற்றிப் பார்த்தலே முதல் மருந்து. அதற்குச் செலவும் இல்லை.

இனி, கடையில் ஒப்பிடும் முறை. இரண்டின் ஒலியளவும் சமமாக இருத்தல் வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது நம் செவிக்குச் சிறந்ததாகவே தோன்றும். விற்பவர் இதனை நன்கறிவர். அடுத்து, கண்ணை மறைத்துக் கேளுங்கள். பிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்னும் ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஒலிபெருக்கியைக் கண்ணால் கண்டு கேட்டபோது அளித்த மதிப்பு, திரைக்குப் பின் வைத்துக் கேட்டபோது மாறியது. பெட்டியின் தோற்றமும் பெயரும் செவிக்கு முன்பாகவே தீர்ப்பளித்துவிடுகின்றன! மகனோ மகளோ திரைக்குப் பின்னிருந்து மாற்றி இயக்கட்டும். பழகிய பதிவுகளையே கொண்டுசெல்க: தம்புராவோடு தனித்தெழும் ஆலாபனை ஒன்று, வீணை ஒன்று, தனியாவர்த்தனம் ஒன்று. தெரியாத பதிவு எத்துணை இனிதாயினும் அளவுகோலாகாது.

வீட்டிலுள்ள முதியோரையும் உடனழைத்துச் செல்லுதல் நன்று. அகவை ஏற ஏற மேற்சுருதி ஒலிகள் செவிக்கு எட்டாது குறைகின்றன. நாள்தோறும் கேட்கப் போகிறவரின் செவியே முடிவு கூறவேண்டும். அண்டை வீட்டாரையும் மறவாதிருப்போம். தாழ்ந்த ஒலி சுவரைக் கடந்து செல்லும். நம் இசை பிறர் உறக்கத்தைக் கெடுத்தல் தகாது.

நிறைவாக ஒன்று. சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்க இசையும் கடையையே நாடுங்கள். இருக்கும் எளிய ஒலிபெருக்கியைக் கொண்டே முதலில் அறையைச் சீர்செய்து, ஒரு திங்கள் கேட்டுப் பாருங்கள். அதன்பின்னும் குறையுண்டெனத் தோன்றினால் புதியதை வாங்கலாம். தோன்றாவிடில் சேமிப்பு வங்கியிலேயே இருக்கட்டும். அடுத்த மார்கழிக்குக் குடும்பத்தோடு சென்னை சென்றுவர அது உதவும்.