சாவி இருந்தும் திறக்காத பெட்டி!



சென்ற இதழில் வடு மாங்காய் கெடாமல் இருக்க வழி சொன்னேன். இந்தத் தடவை அடுப்படியை விட்டு ஹாலுக்கு வருகிறேன். எங்கள் வீட்டு டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே, தடித்த அகராதி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இரவும் பகலும் விளக்கு எரிய உட்கார்ந்திருக்கிறது. அதற்கு 'நாஸ்' என்று பெயர். "இதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம்" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், போன சித்திரையில் ஒரு ராத்திரி வரைக்கும்.

பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்குகள். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். ஒன்று பழுதானால் இன்னொன்று கைகொடுக்கும். ரவுட்டரோடு ஒரு வயரால் இணைத்துவிட்டால் வீட்டிலுள்ள போன், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலிருந்தும் அதைப் பார்க்கலாம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் லீவில் வந்தபோது வீட்டு வரி ரசீதிலிருந்து குழந்தைகளின் தடுப்பூசி அட்டை வரை ஸ்கேன் செய்து அதில் போட்டான். என் மாமியாரின் வைத்தியக் காகிதங்களும் அதில் போயின.

"இனிமே ஃபைலைத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம்மா. எந்த ஊர்லே இருந்தாலும் போன்லேயே பாத்துக்கலாம். அந்தப் பழைய காகிதத்தையெல்லாம் தூக்கிப் போடு" என்றான். போட எனக்கு மனசு வரவில்லை. ஒரு மஞ்சள் பையில் கட்டி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டேன்.

சித்திரையில் சென்னையில் கொழுந்தனார் வீட்டுக் கிரகப் பிரவேசம். திருச்சியிலிருந்து குடும்பத்தோடு போயிருந்தோம். காலையிலிருந்து மாமியார் விரதம். கொளுத்தும் வெயில் வேறு. ராத்திரி பத்து மணிக்கு, "மாரை அடைக்கிறாப்பலே இருக்குடி" என்று சொன்னவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அலறி அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஈ.ஸி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர், "இதுலே ஒரு மாற்றம் தெரியுதும்மா. புதுசா வந்ததா, முன்னாடியே இருந்ததா? பழைய ஈ.ஸி.ஜி. இருக்கா? ஏதாவது மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா?" என்று கேட்டார்.

ஒரு மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துப் போனது எனக்கு நினைவிருந்தது. மாத்திரையின் பெயர்தான் வாயில் வரவில்லை. அதனாலென்ன, போனில் இருக்கிறதே என்று பார்த்தால் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் 'இணைக்க முடியவில்லை' என்று வந்தது. என் கணவர் போனிலும் அப்படியே. மகனைக் கூப்பிட்டேன், அவனுக்கும் திறக்கவில்லை. சாவி எங்கள் கையில், பெட்டி எங்கள் வீட்டில். உள்ளே போகத்தான் வழியில்லை!

நல்லவேளையாக எதிர் வீட்டு அக்காவிடம் வீட்டுச் சாவி கொடுத்திருந்தேன். தூக்கத்திலிருந்து எழுப்பினேன். பாவம், முகம் சுளிக்காமல் போய் மஞ்சள் பையை எடுத்து, ஒவ்வொரு காகிதமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஈ.ஸி.ஜி.யில் தெரிந்த மாற்றம் இரண்டு வருடம் முன்பு எடுத்ததிலேயே இருந்தது. ஒத்துக்கொள்ளாத மாத்திரையின் பெயரும் டிஸ்சார்ஜ் காகிதத்தில் இருந்தது. ரத்தப் பரிசோதனைகளையும் பார்த்துவிட்டு, மாரடைப்பு இல்லை, உடம்பில் நீர் வற்றியதால் வந்த மயக்கம் என்றார் டாக்டர். இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. திருச்சிக்கு வந்ததும் மகனை வீடியோ காலில் உட்கார வைத்தேன். "நீ சொல்லு, நான் செய்யறேன். எங்கே அடைச்சிருக்குன்னு தெரிஞ்சாகணும்" என்றேன். ஹைஸ்கூலோடு படிப்பை நிறுத்தியவள்தான் நான். ஆனாலும் சமையலறைக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் தொட்டியிலிருந்து ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டு வரத் தெரியாதா? இதுவும் அதே வேலைதான்.

முதலில், பெட்டிக்கு உயிர் இருக்கிறதா? விளக்கு எரிந்தது, வயரும் சரியாக இருந்தது. சில வீடுகளில் இங்கேயே விஷயம் முடிந்துவிடும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் பெட்டி தானாக எழுந்திருக்காது. 'மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கு' என்று அதன் அமைப்புகளில் ஓர் இடம் உண்டு. அதை ஒரு முறை போட்டுவிட்டால் போதும்.

இரண்டாவது, வீட்டுக்குள் திறக்கிறதா? உள்ளே திறந்து வெளியே திறக்காவிட்டால் பெட்டியில் குற்றமில்லை, வழியில்தான் என்று தெரிந்துவிடும். நோட்டில் எழுதி வைத்திருந்த 192.168 என்று ஆரம்பிக்கும் எண்ணைப் போட்டேன். வீட்டுக்குள்ளேயே திறக்கவில்லை!

"அம்மா, சமீபத்திலே ரவுட்டர் மாத்தினாங்களா?"

ஆமாம்! ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் இன்டர்நெட் கம்பெனி ஆள் வந்து, "புது பிளான், புது ரவுட்டர்" என்று மாற்றிவிட்டுப் போனார். வீட்டுக்குள் ஒவ்வொரு சாதனத்துக்கும் எண் கொடுப்பது ரவுட்டர்தான். புதிது வந்ததும் எல்லாருக்கும் புது எண் கொடுத்துவிட்டது. ரவுட்டரின் பட்டியலில் பெட்டியின் புது எண்ணைக் கண்டுபிடித்தோம். அந்த எண் இனி இந்தப் பெட்டிக்கு மட்டும்தான் என்று ரவுட்டரிலேயே ஒதுக்கியும் வைத்தோம். வீட்டுக்குள் திறந்துவிட்டது.

இந்த 192.168 எண் வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். ஊரில் எல்லா வீட்டிலும் 'மாடி அறை' என்று ஓர் அறை இருக்குமே, அந்த மாதிரி. இது தெரியாமல் கொழுந்தனார் வீட்டு வைஃபையில் இருந்தபடி இந்த எண்ணை அடித்திருந்தேன். அது அவர்கள் வீட்டு பிரிண்டரைப் போய்த் தட்டியிருக்கிறது!

மூன்றாவது, வெளியிலிருந்து திறக்கிறதா? இதற்காக ஊருக்குப் போக வேண்டாம். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவை மட்டும் போட்டால் நீங்கள் வீட்டுக்கு வெளியே இருப்பதாகத்தான் கணக்கு. நான் செய்யத் தவறியது இதைத்தான் சகோதரிகளே! மகன் பெட்டியை வைத்த நாளிலிருந்து வீட்டு வைஃபையில் திறந்து பார்த்தே, 'ஆஹா, திறக்கிறது' என்று திருப்திப்பட்டிருக்கிறேன். வீட்டுக்குள் நின்றுகொண்டு வாசல் சாவியைச் சோதித்த கதை. வைஃபையை அணைத்துப் பார்த்தேன். திறக்கவில்லை.

நான்காவது, ரவுட்டரின் வாசல். வெளியிலிருந்து வருபவர்களை இன்ன பெட்டிக்கு அனுப்பு என்று பழைய ரவுட்டரில் மகன் ஒரு வழி போட்டிருந்தான். 'போர்ட் ஃபார்வர்டிங்' என்பார்கள். ரவுட்டர் மாறியதும் அதுவும் போய்விட்டது. அவன் சொல்லச் சொல்லத் திரும்பப் போட்டேன். அப்போதும் திறக்கவில்லை! எனக்குக் காபி வேண்டியிருந்தது.

ஐந்தாவதாக, இரண்டு எண்களை ஒப்பிடச் சொன்னான். ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்திருக்கும் எண் ஒன்று, 'என் ஐ.பி. எண் என்ன?' என்று இணையத்தில் தேடினால் வரும் எண் இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுடையது வேறு வேறாக இருந்தது; ரவுட்டரில் 100.72 என்று ஆரம்பித்தது.

காரணம் இதுதான். இணையத்தின் பழைய முறை எண்கள் மொத்தம் சுமார் 429 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் பல கம்பெனிகள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே வெளி எண்ணுக்குப் பின்னால் வைத்துவிடுகின்றன. இதற்கென்றே 2012-இல் 100.64 முதல் 100.127 வரையிலான எண்களை ஒதுக்கினார்கள். பெரிய அடுக்குமாடிக்கு ஒரே கதவிலக்கம் இருப்பது போல. உள்ளிருந்து யார் வேண்டுமானாலும் வெளியே போகலாம். வெளியிலிருந்து வருபவருக்கு எந்த வீடு என்று காட்ட ஆளில்லை. புது பிளானில் எங்களை அந்த அடுக்குமாடிக்குள் குடிவைத்துவிட்டார்கள். எங்கள் ரவுட்டரில் நான் எத்தனை வாசல் திறந்தால் என்ன, தெருக்கதவு அவர்கள் கையில்!

பரிகாரம் இரண்டு. மாதாமாதம் கூடுதல் பணம் கட்டித் தனி எண் கேட்டு வாங்கலாம். அல்லது 'வி.பி.என்.' என்ற ரகசியப் பாதை போடலாம். 'டெயில்ஸ்கேல்' போன்ற ஒரு செயலியைப் பெட்டியிலும் போனிலும் போட்டுவிட்டால், இரண்டும் உள்ளிருந்து வெளியே போய் நடுவழியில் கைகோத்துக்கொள்கின்றன. வீட்டு உபயோகத்துக்கு இலவசத் திட்டமும் இருக்கிறது. நாங்கள் அதைத்தான் போட்டோம்.

பாதை போட்டதும் மகன், "நாலாவதா திறந்தோமே ஒரு வாசல், அதை முதல்லே மூடும்மா" என்றான். திறந்து வைத்த வாசல் நமக்கு மட்டுமா வாசல்? 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற பெயரில் ஒரு கும்பல், இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த இந்த மாதிரிப் பெட்டிகளில் புகுந்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டு 0.03 பிட்காயின் கேட்டது. அன்றைய மதிப்பில் சுமார் 80,000 ரூபாய்! குழந்தை நடை பழகிய படமெல்லாம் அப்படிப் போனால் நெஞ்சு பொறுக்குமா? மூடிவிட்டேன்.

பிறகு வைஃபையை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் நின்றுகொண்டு திறந்தேன். மாமியாரின் ஈ.ஸி.ஜி. கோடுகள் போனில் வந்து நின்றன. ராத்திரியில் பட்ட பாடெல்லாம் நினைவுக்கு வந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் அனுபவத்தில் கண்ட சில குறிப்புகள்:

* மாதம் ஒரு நாள் வைஃபையை அணைத்து, வெளியிலிருந்து திறக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டர், பிளான், போன் எது மாறினாலும் அன்றே பாருங்கள்.

* பெட்டி தூங்கிக்கொண்டிருந்தால் முதல் தடவை திறக்கச் சில விநாடிகள் ஆகும். பதறிப்போய் மாற்றி மாற்றி அழுத்தாதீர்கள்.

* பாஸ்வேர்டை வீட்டில் இரண்டு பேராவது அறிந்திருக்க வேண்டும். பெட்டியின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள்.

* இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். முக்கியமானவற்றுக்கு வேறோர் இடத்தில் ஒரு பிரதி வேண்டும்.

* ஈ.ஸி.ஜி. காகிதம் பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் வகை. சில வருடங்களில் மங்கிவிடும். வந்த கையோடு ஜெராக்ஸ் எடுங்கள், ஸ்கேனும் செய்யுங்கள்.

* ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, தினசரி மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நெட்வொர்க் வேண்டாம். போனிலும் ஒரு படம் இருக்கட்டும்.

எல்லாம் சரியான அன்று மாமியாரிடம் போனைக் காட்டி, "அம்மா, இனிமே உங்க ஃபைல் எங்கே போனாலும் நம்ம கூடவே வரும்" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லதுதான்டி. ஆனா அந்த மஞ்சப் பையை மட்டும் தூக்கிப் போட்டுடாதே. எதிர் வீட்டுக்காரி கிட்டே சாவியும் இருக்கட்டும்" என்றார்.

இரண்டும் அப்படியே இருக்கின்றன, சகோதரிகளே!