வயிற்றுக்கு இதமான ரொட்டி எங்கே?



இரண்டாம் பாடவேளையில், "சார், வயிறு உப்பிக்கிட்டு இருக்கு" என்று வந்து நின்றான் என் மாணவன் ஒருவன். என்ன பசியாறினாய் என்று வினவினேன். உறையிட்ட இனிப்பு ரொட்டி இரண்டு, பேருந்திலேயே. அவன் தாயார் விடியுமுன் தொழிற்சாலை வேனில் ஏறிவிடுகிறார். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை.

நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். மாலையில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வருவார். மேல்தோல் முறுகிய அந்த ரொட்டியை வரக்காப்பியில் தோய்த்து உண்போம். அதுவும் வெள்ளை மாவுதான். வேறுபாடு மாவு புளிக்கும் நேரத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

கோதுமையில் புரூக்டான் என்னும் சத்து உண்டு. சிறுகுடலால் அதைச் செரிக்க இயலாது. பெருங்குடலுக்குச் சென்று வாயுவாகிறது. மாவு நெடுநேரம் புளித்தால், ஈஸ்ட் அதில் பெரும்பகுதியை முன்னரே தின்றுவிடும். 1961இல் இங்கிலாந்தின் சோர்லிவுட்டில், இயந்திரத்தால் அதிவேகமாகப் பிசையும் முறையைக் கண்டுபிடித்தனர். மாவு ரொட்டியாக மூன்றரை மணி நேரம் போதும் என்றாயிற்று. பல நாட்டு ஆலைகள் அதனைப் பின்பற்றின. பழுப்பு ரொட்டி வாங்கினால் தீர்ந்தது என்றும் எண்ணவேண்டாம். தவிட்டில் புரூக்டான் இன்னும் கூடுதல்.

எல்லா வயிற்றுவலிக்கும் ரொட்டியே காரணம் என்று நான் கூறவில்லை. கோதுமையே ஒவ்வாத சீலியாக் நோயாளிக்குப் புளித்த கோதுமை ரொட்டியும் ஆகாது, மருத்துவரை நாடுங்கள்.

மரபு ரொட்டி என்றதும் நினைவுக்கு வருவது பினாங்கின் 'ரொட்டி பெங்காலி'. 1928இல் தமிழ் முஸ்லிம்கள் பங்காளிகளாகச் சேர்ந்து நடத்திய கடையாதலால் 'பங்காளி ரொட்டி' என்பதே அவ்வாறு திரிந்தது என்பர். வங்காளத்திற்கும் அதற்கும் தொடர்பில்லையாம்!

தோட்டப்புறத்தில் நமக்கு எளிய வழி, இரவில் கரைத்து வைக்கும் தோசைமாவு. அதில் கோதுமையே இல்லை. ரொட்டிதான் வேண்டுமெனில், அரைக்கிலோ மாவுக்குக் கால் தேக்கரண்டி ஈஸ்ட் இட்டு, இரவே பிசைந்து, குளிர்ப்பெட்டியில் வையுங்கள். காலையில் வெளியே எடுத்து, நன்கு உப்பியபின் சுடலாம். விடுமுறை நாளில்தான் இயலும், ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் பக்கம் இன்றும் வரும் ரொட்டிக்காரரிடம், "மாவு எப்போது பிசைந்தது, அண்ணே?" என்று சென்ற வாரம் கேட்டேன். சிரித்தார். "இத யாருமே கேட்டதில்ல சார். முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார்.