ரெண்டு நாள் பார்க்கலாமே?

நாய் வளர்க்கும் நம்மவர்கள் வீடுகளில் அதிகம் புழங்குகிற மருந்து எது தெரியுமா? தயிர்சாதம். அதற்கு அடுத்தது "ரெண்டு நாள் பார்க்கலாமே". தயிர்சாதத்தோடு எனக்குப் பெரிய தகராறு இல்லை. ரெண்டாவது மருந்தைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம் படித்துவிட்டுக் கடன் கொடுக்கிற, கொடுத்ததைத் திரும்ப வாங்க அலைகிற உத்தியோகம். நாக்பூருக்கு மாற்றலாகி வந்து ஒன்பது வருஷம். வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய், வயசு எட்டு. (பேங்க்காரன் நாய்க்கு 'மனி' என்று பேர் வைத்திருக்கிறான் என்று அபார்ட்மெண்ட்டில் இன்னும் சிரிக்கிறார்கள். விளக்கம் சொல்லி அலுத்துவிட்டது.)

பார்க்கலாமே என்பது தப்பே இல்லை. நாய் புல்லைத் தின்று ஒரு தடவை வாந்தி எடுக்கும், அடுத்த நிமிஷம் பந்தைக் கவ்விக்கொண்டு வந்து நிற்கும். வளர்ந்த, திடமான நாய் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தால் குடி முழுகிவிடாது. என் சண்டை எல்லாம் அந்த "ரெண்டு நாள்" மேல்தான். அது எப்போது ஆரம்பித்து எப்போது முடிகிறது? நடுவில் என்ன நடந்தால் உடனே கிளம்புவோம்? யாரும் பேசி வைத்துக்கொள்வதில்லை. டியூ டேட் போடாத கடன் மாதிரி. திங்கள்கிழமை ஆரம்பித்த ரெண்டு நாள் சனிக்கிழமை வரைக்கும் ஓடும், ஏனென்றால் அன்றைக்குத்தான் நமக்கு லீவு. (அதுவும் ரெண்டாவது, நாலாவது சனியாக இருந்தால்!)

எங்கள் தொழிலில் தவணை தவறி 90 நாள் தாண்டினால்தான் வாராக்கடன். ஆனால் எந்தக் கடனும் 91-ஆம் நாள் காலையில் திடீரென்று கெட்டுப்போவதில்லை. அதனால்தான் 30, 60, 90 என்று படி பிரித்து முதல் நாளிலிருந்தே கண்காணிக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. நாய்க்கும் அப்படிப் படி பிரிக்கலாம். ஒரே வித்தியாசம், அங்கே நாள் கணக்கு, இங்கே மணிக் கணக்கு.

எங்கள் அபார்ட்மெண்ட்டில் கீழ்மாடியில் இன்னொரு தமிழ்க் குடும்பம் இருந்தது. ஏழு வயசுப் பெண் லேப்ரடார், கருத்தடை செய்யாதது. ஹீட் முடிந்து ஒரு மாதம் இருக்கும். தண்ணீர் நிறையக் குடிக்கிறது, சாப்பாடு குறைந்துவிட்டது, படுத்தே கிடக்கிறது. மார்ச் கடைசி வாரம். இந்த ஊர் வெயிலுக்குத் தண்ணீர் குடிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் நியாயமும் இருக்கிறது. அவரும் என்னைப் போல பேங்க். இயர் எண்ட் முடியட்டும் என்று விட்டார். ஏப்ரல் 2-ஆம் தேதி கூட்டிப்போனபோது கர்ப்பப்பை முழுக்கச் சீழ். ஆபரேஷனைத் தாங்க உடம்பில் தெம்பில்லை. அந்த வீட்டுப் பையன் அப்போது ஆறாவது படித்தான். அப்பாவோடு ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கருத்தடை செய்யாத பெண் நாய், ஹீட் முடிந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் தண்ணீராகக் குடித்துச் சோர்ந்து படுத்தால் அன்றைக்கே ஓட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு வரி தெரிந்திருந்தால் போதும்.

இப்படி ஒரு மணி நேரம்கூட "பார்க்க"க் கூடாத விஷயங்கள் இன்னும் சில இருக்கின்றன. வயிறு உப்பிக்கொண்டு, வாந்தி வராமல் சும்மா ஓங்கரிப்பது. நெஞ்சு ஆழமான பெரிய ஜாதி நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். மூச்சு வாங்குவது. ஈறு வெளுப்பது அல்லது நீலம் பாய்வது. வலிப்பு ஐந்து நிமிஷத்தைத் தாண்டுவது. முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் இருப்பது. எலி மருந்து, சாக்லேட், திராட்சை தின்றுவிட்டது. குட்டி நாய் என்றால் வாந்தியும் ரத்தபேதியும். பார்வோ என்றால் தயிர்சாதம் ஒன்றும் செய்யாது, ரெண்டு மூன்று நாளில் குட்டி கையை விட்டுப் போய்விடும். மே மாதத்தில் வெப்ப அதிர்ச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இங்கே 45 டிகிரி சர்வசாதாரணம். நிழலுக்கு இழுத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்று படவைத்துக்கொண்டே கிளம்ப வேண்டும். (மேல்தொட்டித் தண்ணீர் அப்போது வெந்நீராக இருக்கும். கூலருக்குப் பிடித்து வைத்த வாளியை எடுங்கள்.)

இன்னொன்று, நம் வீட்டு மருந்து டப்பா. காய்ச்சல் என்று பாராசிட்டமால், நொண்டுகிறது என்று டைக்ளோஃபினாக், இதெல்லாம் நாய்க்கு விஷமாக முடியும். டாக்டரைக் கேட்காமல் கால் மாத்திரைகூடக் கூடாது.

மூக்கு ஈரமாக இருக்கிறது, வாலை ஆட்டுகிறது, அதனால் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. நோயை மறைப்பது பிராணிகளின் சுபாவம். நம்மைக் கண்ட சந்தோஷத்தில் 104 டிகிரி காய்ச்சலிலும் வாலாட்டும்.

ஊரில் பாட்டி இருந்தால் "அது ஒரு மாதிரி இருக்குடா" என்பாள். அதுதான் சரியான நோய்க்குறி. ஆனால் அந்த "ஒரு மாதிரி"யை என் பேங்க் ஹிந்தியில் டாக்டரிடம் எப்படிச் சொல்வது? "டீக் நஹி ஹை சார்" என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது, மராத்தி சுத்தம். அதனால் நான் நம்பருக்கு மாறினேன். நம்பருக்கு மொழி கிடையாது. மணி திடமாக இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: எடை (அவனைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி, என் எடையைக் கழித்துக்கொள்வது), ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணீர், அசந்து தூங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு. மூச்சு முப்பதுக்குள் இருக்க வேண்டும். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 101-லிருந்து 102.5 ஃபாரன்ஹீட் வரை நார்மல், நமக்குக் காய்ச்சல் என்பது அதற்குச் சாதாரணம். (தெர்மாமீட்டரைத் தனியாகப் பேர் எழுதி வையுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை :-)) ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் ரெண்டு செகண்டுக்குள் ரோஸ் நிறம் திரும்ப வேண்டும்.

போன மழைக்காலத்தில் மணி ராத்திரிச் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விட்டான். வீட்டில் "பார்க்கலாமே" வந்தது. சரி, பார்க்கலாம், காலை எட்டு மணி வரைக்கும். அதற்குள் 104-ஐத் தொட்டால் ராத்திரியே கிளம்புகிறோம் என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினோம். காலையில் 103.6, சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டான். அரை நாள் லீவு போட்டேன். ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல், பிளேட்லெட் குறைய ஆரம்பித்திருந்தது. நாலு வாரம் மாத்திரை, அவ்வளவுதான். விட்டிருந்தால் மூக்கில் ரத்தம் வருகிற வரைக்கும் போகும் என்றார் டாக்டர்.

செலவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பேங்க்காரனுக்கு அழகில்லை. வீணாகப் போய்விட்டு வந்தால் நஷ்டம் சில நூறு ரூபாயும் அரை நாளும். போகாமல் விட்டதன் நஷ்டத்துக்கு மேல்வரம்பு கிடையாது. சந்தேகமாக இருந்தால் போனாவது செய்யுங்கள். நம்பர் சொல்லிப் பேசினால் வரலாமா வேண்டாமா என்று பெரும்பாலான டாக்டர்கள் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் இந்த "வயசாயிடுச்சு". கிழநாய் தண்ணீர் அதிகம் குடித்தால் சிறுநீரகமோ சர்க்கரையோ இருக்கலாம். மாடிப்படி ஏறத் தயங்கினால் மூட்டுவலி இருக்கலாம், அதற்கு மருந்தும் இருக்கிறது. வயசு ஒரு நோயின் பேர் இல்லை.

வருகிற மே மாதம் ஊருக்குப் போகிறோம். முதல் வகுப்பு ஏசியில் முழு கூப்பேயோ கேபினோ எடுத்தால்தான் நாயைக் கூடவே கூட்டிப்போக முடியும். நாலு பேருக்கு அது கட்டுப்படியாகாது, லக்கேஜ் வேனில் நாய்ப் பெட்டியில் அந்த வெயிலில் ஏற்ற எனக்குச் சம்மதமில்லை. எதிர்வீட்டு ஒடியா தம்பதியிடம் மணியை விட்டுவிட்டுப் போகிறோம். நோட்டின் நகல், டாக்டர் நம்பர், கூடவே கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம்: எங்களைப் பிடிக்க முடியாவிட்டால் காத்திருக்க வேண்டாம், சிகிச்சைக்கு இருபதாயிரம் வரைக்கும் நீங்களே முடிவெடுக்கலாம். அட்வான்ஸாக ஐயாயிரம் கவரில். அந்த அம்மா படித்துப் பார்த்துவிட்டு, லோன் சாங்ஷன் லெட்டர் மாதிரியே இருக்கிறதே என்றார்.