ரெண்டு இன்ச்

மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம் இருக்கிறது. பேர்தான் புது. 17-ம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டியது. அங்கே தூண்களுக்கு நடுவில் ஒரு தையல் மெஷினைப் போட்டு, 35 வருஷம் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றினார் அப்பா.

ஒரு தூணில் நாயக்கரே தொந்தியும் கூப்பிய கையுமாக நிற்பார். அவரைக் காட்டி, "இடுப்பு நாப்பத்திநாலு. டேப்பே வேணாம்டா" என்பார் அப்பா. அவருக்குக் கண்தான் டேப்.

சித்திரை பிறந்துவிட்டால் ஆள் வீட்டுக்கே வரமாட்டார். கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்ச வேண்டிக்கொண்டவர்களுக்குச் சல்லடம், உருமா எல்லாம் புதுமண்டபத்தில்தான் தைப்பார்கள். பக்கத்து மெஷின் பாய்க்கும் அதே வேலைதான். வேண்டிக்கொண்டவர் இந்து, ஜிகினா வைத்துத் தைப்பவர் முஸ்லிம் என்பதெல்லாம் அங்கே யாருக்கும் ஒரு விஷயமே இல்லை. ஒரே கவலை, "ராத்திரிக்குள்ள முடிஞ்சிருமா?"

ஊருக்கெல்லாம் அளவாகத் தைத்த மனுஷன், எனக்கு மட்டும் அளவாகத் தைத்ததே இல்லை. "வளர்ற பய" என்று டவுசரை லொடலொடவென்று தைத்துக் கொடுப்பார். ஸ்கூலில் எனக்குப் பட்டப்பெயர் 'பாராசூட்'. ஜூன் மாசம் பிறந்தால் மடிப்பைப் பிரித்து இறக்கிவிடுவார். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுக்காத ஒரு கோடு தெரியும். எனக்கு அவமானமாக இருக்கும்.

சென்னையில் வேலை கிடைத்து, முதல் சம்பளத்தில் ரெடிமேட் பேன்ட் வாங்கிப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா அதை உள்புறமாகத் திருப்பிப் பார்த்தார்.

"தையல் நல்லாத்தான்டா இருக்கு. ஆனா உள்ள ஒண்ணுமே இல்லையே!"

அப்புறம் அவரிடம் நான் அளவு கொடுக்கவே இல்லை. கல்யாணத்துக்கு மட்டும் அம்மா சண்டை போட்டதால் ஒரு சாம்பல் கலர் பேன்ட். அவரும் கேட்கவில்லை. தீபாவளிக்குப் போனால் என்னை ஒரு பார்வை பார்ப்பார். "முப்பத்தாறு ஆயிருச்சு போல." அவ்வளவுதான். கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

2018-ல் கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதற்கப்புறம் சில வருஷத்தில் புதுமண்டபக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. "நாயக்கரு இப்ப தனியா நிப்பாருல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போன வருஷம் அவரும் போய்விட்டார்.

முதல் திவசத்துக்கு ஊருக்குப் போனபோது பீரோவில் அந்தச் சாம்பல் கலர் பேன்ட் கிடைத்தது. போட்டுப் பார்த்தேன். பட்டனுக்கும் காஜாவுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. மனசு கேட்காமல் குன்னத்தூர் சத்திரத்துக்கு எடுத்துப் போனேன். அப்பாவிடம் காஜா எடுக்கப் பையனாக வந்து சேர்ந்தவர் அங்கே கடை வைத்திருக்கிறார். இப்போது அவரே பாய்.

"பிரிச்சு விட முடியுமா பாய்? ரெடிமேட் கடையில எல்லாம் துணி இல்லைங்கிறான்..."

"அண்ணே, இது உங்கப்பா தச்சது. கேக்கணுமா?"

பின் தையலை சரசரவென்று பிரித்தார். உள்ளே இந்தப் பக்கம் ரெண்டு இன்ச், அந்தப் பக்கம் ரெண்டு இன்ச். வெயிலே படாத துணி, கடையில் வாங்கிய நிறம் மாறாமல் மடங்கிக் கிடந்தது. பாய் மெஷினை மிதித்தார். எனக்கு ஊசி மசமசவென்று தெரிந்தது.

கூலி அம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். "சும்மா தச்சுக் கொடுத்தா உங்கப்பாவுக்குப் பிடிக்காதுண்ணே. தொழிலுக்கு மரியாதை இல்லைம்பாரு."

பேன்ட்டைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மூணு இன்ச் விட்டாச்சு. உள்ள இன்னும் ஒரு இன்ச் இருக்கு. அதுக்கு மேல தொப்பை போட்டீங்கன்னா, அண்ணே, இனிமே விட்டு வைக்க ஆள் இல்ல."

மறுநாளிலிருந்து வாக்கிங் போகிறேன்.