ஸஃப்பில் சமம், சம்பந்தத்தில் இல்லையா?



செஞ்சி வட்டாரத்துத் தளவானூரில், மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து அமைத்த கோயில் ஒன்று இருக்கிறது. சத்ருமல்லேசுவரம் என்பது அதன் பெயர். சத்ருமல்லன், அதாவது பகைவரை வீழ்த்தும் மல்லன் என்பது அம்மன்னன் பூண்ட பட்டங்களுள் ஒன்று. குணபரன், விசித்திரசித்தன், மத்தவிலாசன் என்று வேறு பட்டங்களும் அவனுக்கு உண்டு. வழிபாட்டுக்கென்று குடைந்த இடத்திலும் மனிதனின் விருதுப்பெயர் முன்வந்து நிற்கிறது. அருகிலுள்ள செஞ்சிக் கோட்டையோ 1677இல் சிவாஜியின் கைக்கும், 1698இல் முகலாயர் கைக்கும், 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கும், 1761இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. வென்றவர் எவருக்கும் அது நிலைக்கவில்லை. பெருமை எத்தனை நாளைக்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மகேந்திரவர்மனின் காலத்தையொட்டி, 590 முதல் 604 வரை உரோமையில் போப்பாக இருந்தவர் கிரகோரி. அவர் தம்மை இறைவனின் ஊழியர்களுக்கு ஊழியன் என்று அழைத்துக்கொண்டார். பாவங்கள் அனைத்திற்கும் வேர் பெருமையே என்று போதித்தார். ஈசா (அலை) அவர்கள் தம் சீடர்களின் கால்களைக் கழுவினார்கள் என்பது கிறிஸ்தவ வேதத்தின் செய்தி. தன் நோன்பையும் தானத்தையும் எண்ணிக்காட்டித் தொழுத பரிசேயனைவிட, தலை நிமிரவும் துணியாமல் நின்ற வரிதண்டுவோனே இறைவனிடம் ஏற்புப் பெற்றான் என்றும் அது கூறுகிறது. ஈசா (அலை) அவர்களைப் பற்றிய அவர்களின் கொள்கையை நாம் ஏற்பதில்லை. இறைவன் மனித உரு எடுத்துத் தன்னைத் தாழ்த்திக்கொண்டான் என்பதை நம் ஈமான் மறுக்கிறது. பணிவு அடியானின் குணம், மாட்சிமை அல்லாஹ்வுக்கே உரியது. ஆயினும் பெருமையைக் குறித்த அப்போதனை நமக்கு அந்நியமானதன்று. ஆதம் (அலை) மண்ணால் படைக்கப்பட்டவர், தான் நெருப்பால் படைக்கப்பட்டவன் என்று வாதிட்டு ஸுஜூது செய்ய மறுத்த இப்லீஸின் வரலாறு நாம் சிறுவயதிலேயே கேட்டதல்லவா? பிறப்பின் மூலப்பொருளைக் காட்டி உயர்வு கோரிய முதல் வாதம் அதுவே.

இத்தகைய போதனை நம் மண்ணில் என்ன ஆயிற்று? புதுச்சேரி மாதா கோயிலின் உள்ளே, சாதிக் கிறிஸ்தவரையும் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவரையும் பிரித்து ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்ததையும், 1745இல் அச்சுவர் குறித்து எழுந்த சச்சரவையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்திருக்கிறது. அது பழங்கதை என்று தள்ளிவிட இயலாது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில், ஒரே திருச்சபையைச் சேர்ந்த இரு சாதியாரிடையே மூண்ட பூசல் 2008 மார்ச்சில் கலவரமாக வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். கால்கழுவும் சடங்கு ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று தவறாமல் நடக்கும் ஒரு சமூகத்தில்தான் இதுவும் நடந்தது.

இச்செய்திகளைக் கேட்டதும் நம்மில் சிலருக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி பிறக்கிறது. விவாத மேடைகளில் இவற்றை ஆயுதமாக ஏந்துகிறோம். எங்கள் பள்ளிவாசலில் அரசனும் ஆண்டியும் தோளோடு தோள் நிற்பார்கள், உங்கள் கோயிலில் சுவர் நிற்கிறது என்று மார்தட்டுகிறோம். மார்தட்டும் அந்தக் கணத்தில் நாம் வரிதண்டுவோனின் இடத்தில் நிற்கிறோமா, பரிசேயனின் இடத்தில் நிற்கிறோமா?

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டது. தம் சபைக்குள்ளேயே தீண்டாமை இருக்கிறது, அது பாவம் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்புதல் எத்தனை சுவர்களை இடித்தது என்று நாம் கேட்கலாம்; கேட்கவும் வேண்டும். ஆனால் அதற்கு ஈடாக நம் மஹல்லா ஜமாஅத்துகளின் ஏடுகளில் என்ன எழுதியிருக்கிறோம்?

ஸஃப்பில் நாம் சமமாகத்தான் நிற்கிறோம், அல்ஹம்து லில்லாஹ். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து வாசலுக்கு வந்ததும் ராவுத்தர், மரைக்காயர், லெப்பை, தக்னி என்று பிரிந்துவிடுகிறோம். பெயர்கள் இருப்பதில் குற்றமில்லை. ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே கூட்டங்களாகப் படைத்ததாக அல்லாஹ் கூறுகிறான். அறிந்துகொள்வதற்கான அடையாளத்தை அளவுகோலாக்கியதே குற்றம். தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகளுக்குக் கத்னா செய்தும் முடிதிருத்தியும் வந்த குடும்பத்துப் பையன் இன்று பட்டதாரியாக, ஐவேளைத் தொழுகையாளியாக வந்து பெண் கேட்டால், நம்மில் எத்தனை வீடுகளில் முகம் கோணாமல் பதில் வரும்? 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்து ஒடுக்கப்பட்ட மக்கள் இஸ்லாத்தைத் தழுவியதை மேடைதோறும் சொல்லிப் பெருமிதம் கொள்கிறோம். அப்படி வந்தோரின் பேரப்பிள்ளைகளை ‘புதுசா வந்தவங்க’ என்று சொல்லும் நாவு அதே மேடையிலிருந்து இறங்கி வந்த நாவுதானே? திருமண அழைப்பிதழில் ‘அல்ஹாஜ்’ என்ற சொல் விடுபட்டால் மண்டபத்திலேயே கோபித்துக்கொள்கிறோம். ஹஜ்ஜில் தைக்காத வெள்ளைத் துணி உடுத்தியது எதற்காக என்பதை மறந்துவிட்டுப் பட்டத்தை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறோம். சத்ருமல்லனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவன் பட்டத்தைப் பாறைக்கு ஏற்றினான். நாம் அட்டையில் அச்சடித்தோம்.

உடனே ‘குஃப்வு’ என்ற சொல் வரும். மண வாழ்வில் பொருத்தம் பார்ப்பது மார்க்கம் அனுமதித்ததே என்பார்கள். அனுமதித்தது உண்மை. பொருத்தம் என்பது பெண்ணின் நலன் கருதி ஃபிக்ஹு அறிஞர்கள் ஆராய்ந்த ஒன்று. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் அதில் முதன்மையாக மார்க்கப்பற்றையே கருதினார்கள். குலத்தையும் தொழிலையும் கணக்கில் கொண்ட அறிஞர்களும், பெண்ணும் வலீயும் மனமொப்பினால் அந்த நிக்காஹ் செல்லும் என்றே கூறினார்கள். மார்க்கமும் நற்குணமும் உங்களுக்குத் திருப்தியளிப்பவர் பெண் கேட்டு வந்தால் மணமுடித்துக் கொடுங்கள், மறுத்தால் பூமியில் குழப்பம் விளையும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாகத் திர்மிதியில் வரும் செய்தியை நாம் எந்தப் பெண் பார்க்கும் நாளில் நினைவுகூர்ந்தோம்? ஒரு சலுகையைக் கேடயமாக்கி அதன் பின்னே சாதியை ஒளித்துவைப்பது மார்க்கத்துக்கு நாம் செய்யும் அவமரியாதை.

அணுவளவு பெருமை உள்ளத்தில் இருப்பவன் சுவனம் புகமாட்டான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, நல்ல ஆடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையா என்று ஒருவர் கேட்டார். அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான். பெருமையாவது உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே என்று விளக்கம் கிடைத்தது. முஸ்லிமில் பதிவான இந்த அளவுகோலில் நம்மை நிறுத்திப் பார்ப்போம். எளிய உடையும் குனிந்த தலையும் தப்பிக்க உதவா. ‘நாம் வேற, அவங்க வேற’ என்று வீட்டுக்குள் மெல்லச் சொன்ன ஒரு சொல் போதும், நாம் பிடிபடுவதற்கு.

630ஆம் ஆண்டில், தம்மை விரட்டிய மக்காவுக்குள் வெற்றியாளராக நுழைந்த நபி (ஸல்) அவர்கள், அல்லாஹ்வுக்குப் பணிந்து, தாடி வாகனத்தின் சேணத்தைத் தொடுமளவு தலைதாழ்த்தி வந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்நாளில் கஅபாவின் மீதேறி பாங்கு சொல்லும் சிறப்பு குறைஷிக் குலத் தலைவர் எவருக்கும் கிடைக்கவில்லை. அடிமையாயிருந்து விடுதலை பெற்ற பிலால் (ரலி) அவர்களுக்கே கிடைத்தது. தலைதாழ்த்தியதோடு அந்தப் பணிவு முடிந்துவிடவில்லை. தாழ்த்தப்பட்டிருந்த ஒருவரை மேலேற்றியதில்தான் அது நிறைவுற்றது. கிறிஸ்தவரானாலும் நாமானாலும் சடங்கோடு நின்றுவிட்ட பணிவு தோற்ற இடம் இதுவே. கால் கழுவுவது எளிது. அந்தக் காலுக்குரியவனைச் சம்பந்தியாக்குவது கடினம்.

ஆகவே அடுத்த வீட்டுச் சுவரைச் சுட்டும் விரலை முதலில் மடக்குவோம். நம் வீட்டில் அடுத்த வரன் பேசும் நாளில் குலம் கேட்கும் முன் தொழுகையைக் கேட்போம், குணத்தைக் கேட்போம். ஜும்ஆ மேடைகளில் ஆலிம்கள் இதைப் பெயர் சொல்லிப் பேசட்டும். ஜமாஅத் நிர்வாகங்கள் இதைத் தம் ஏட்டில் எழுதட்டும். பிறகு விவாத மேடைக்குப் போவோம். அப்போது நம் சொல்லுக்கு எடை இருக்கும்.

இப்லீஸின் வாதத்திலிருந்து நம் நாவையும், அதன் நிழலிலிருந்து நம் உள்ளங்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.