உரிமமும் மகமையும்

இந்த வாரம் பத்திக்காரருக்கு எரிச்சல். காரணம், 'வணிகர்கள் கவனத்திற்கு' என்று தொடங்கி வாட்ஸ்அப்பில் சுற்றும் நீளமான செய்தி. புதிய சட்டம், புதிய விகிதம், புதிய கெடு எல்லாம் அதில் இருக்கின்றன. திருச்சுழி வட்டத்து வீரசோழனில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் அதில் எந்த வரியைப் படித்தால் போதும் என்பது மட்டும் இல்லை.

2025-இல் அவருக்கு வந்து சேர்ந்தவை கொஞ்சமல்ல. செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி அடுக்குகள் கலைந்தன. சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. நவம்பர் 21-இல் 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகி நடைமுறைக்கு வந்தன. உள்ளூரிலேயே சரக்கு விற்று, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாத கடைக்கு ஜிஎஸ்டி பதிவே வேண்டியதில்லை. ஆனாலும் பழைய விலை அச்சிட்ட பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கும்போது, "வரி குறைஞ்சிருச்சாம்ல, நீங்க பழைய வெலையவே சொல்றீக?" என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மாமன் மச்சான் முறை வைத்துப் பழகும் ஊரில் அரசிதழைக் காட்டித் தப்பிக்க முடியாது.

இவற்றையெல்லாம்விட அருகில் வந்து மிரட்டியது ஊராட்சி உரிமம். கிராம ஊராட்சிகளில் டீக்கடை தொடங்கிப் பல தொழில்களுக்கும் உரிமம் எடுக்க வேண்டும் என்ற விதிகளைத் தமிழக அரசு 2025-இல் கொண்டுவந்தது. வணிகர்கள் கொதித்தார்கள். ஜூலை மாதமே விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. விருதுநகர் மாவட்ட ஊராட்சி மன்றங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அவற்றின் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. கடைக்காரரின் கட்டணம் எங்கே போகிறது என்று கேட்க ஒரு தலைவர்கூட இல்லாத நேரத்தில்தான் கட்டணப் பேச்சு வந்தது.

கட்டணம் என்றதும் ராபர்ட் ஹார்ட்கிரேவ் ஞாபகம் வந்துவிட்டார். பழைய வாசகர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. 1969-இல் வந்த, நாடார்களைப் பற்றிய அவருடைய நூலை இந்தப் பத்தி எத்தனை முறை இழுத்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். இந்த முறையும் இழுக்கத்தான் வேண்டியிருக்கிறது, மகமைக்காக.

அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுநகர், சிவகாசி, சாத்தங்குடி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர் நாடார் வணிகர்கள் உறவின்முறை அமைத்து, தாங்கள் வாங்கி விற்கும் சரக்கின் மேல் தாங்களே ஒரு தொகை போட்டுக்கொண்டார்கள். அதுதான் மகமை. மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்கு. அதைத் தண்டும் முறைகாரர் பொறுப்பு ஆள் மாறி ஆள் சுற்றிவரும். இன்று தண்டுபவர் நாளை கொடுப்பவர். கணக்கில் ஓட்டை விழுந்தால் கடைத்தெருவே கேட்கும். வண்டிமாடுகள் இறங்கிப் போகப் பேட்டைகள், கிணறுகள், பள்ளிக்கூடங்கள் எல்லாம் அந்தக் காசில் எழுந்தன. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலா, மகமையையும் வீட்டுக்கு வீடு எடுத்த பிடியரிசியையும் நம்பி நின்ற பள்ளி. காமராஜர் படித்தது அங்கேதான்.

இந்த ஏற்பாடு நாடார் வணிகர்களோடு பிறந்ததும் அல்ல. சிவகங்கைச் சீமைப் பிரான்மலையில் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வணிகக் குழுவினர் கூடி, கோயிலுக்காகச் சரக்கு வாரியாகத் தங்கள்மேல் விதித்துக்கொண்ட தொகை அதில் வெட்டப்பட்டிருக்கிறது. விகிதப் பட்டியலைக் கல்லில் போட்டுவிட்டால் வாட்ஸ்அப் வதந்திக்கு இடமேது!

மகமையைப் பொற்காலமாக்கிப் பாட இந்தப் பத்தி தயாரில்லை. அது சாதிக்குள் சுற்றிய பணம். கொடுக்க மறுத்தவருக்கு ஊர்விலக்கம் என்ற கத்தி தலைக்கு மேல் தொங்கியது. பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. ஆனால் அன்று சட்டம் நாடார்கள் பக்கமும் இல்லை. வீரசோழன்காரர்களுக்குப் பக்கத்து ஊரான கமுதியில் 1897-இல் நாடார்கள் கோயிலுக்குள் போனதற்காகத் தொடரப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. கதவைச் சாத்திய நீதிமன்றத்தை நம்ப முடியாதவர்கள் சொந்தக் கல்லாவை நம்பினார்கள்.

வருமான வரிக்காரர்களுக்கும் இந்தக் காசு குழப்பம் தந்திருக்கிறது. வடக்கே இதே வழக்கத்துக்குத் தர்மாதா என்று பெயர். பில்லோடு சேர்த்து வாங்கும் அந்தத் தொகை வியாபாரியின் வருமானமா என்ற கேள்வி பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. இல்லை, தர்மத்துக்கென்று வாங்கியதால் அது அவர் வைத்திருக்கும் பொதுப்பணம் என்று 1970-களின் இறுதியில் தீர்ப்பு வந்தது. வாங்கும்போதே எதற்கு என்று சொல்லி வாங்கியதால் அந்தக் காசு பிழைத்தது.

ஊராட்சி உரிமத்தில் இல்லாமல் போனது 'எதற்கு' என்ற அந்த ஒரு சொல்தான். டீக்கடைக்காரர் கட்டுவது தெருவிளக்குக்கா, சாக்கடைக்கா, சந்தைத் திடலில் கழிப்பறைக்கா என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் கேட்டால் வியாபாரி அதைத் தண்டம் என்றுதான் எடுத்துக்கொள்வார், எடுத்துக்கொண்டார்.

நிறுத்திவைத்த விதிகள் என்றைக்காவது தூசி தட்டி எடுக்கப்படலாம். அப்படி எடுத்தால், கட்டணப் பட்டியலையும் அது செலவாகும் கணக்கையும் முதலில் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. கடைக்காரர்களும் அன்றைக்கு ஒரு மணி நேரம் கடையை அடைத்துவிட்டுப் போய் உட்காருங்கள்.